ஹோட்டல் உரிமம், ஆய்வு அறிக்கை, உணவுப் பாதுகாப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் கணினி மையம் நடத்திக்கொண்டு, உணவகங்களுக்கான உரிம விண்ணப்பங்களைப் பதிந்து தரும் தொழிலில் இருப்பதால், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களின் சந்தேகங்களும் இலைக்கு முன் உட்கார்ந்திருப்பவர்களின் சந்தேகங்களும் ஒருசேர என் காதுக்கு வருகின்றன. குழப்பத்தில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து பிறக்கிறது. உரிமம், ஆய்வு அறிக்கை, ஆய்வக முடிவு, தூய்மைத் தரமதிப்பீடு என்ற நான்கும் வெவ்வேறு தாள்கள். நாம் அவற்றை ஒரே தாளாக எண்ணிக்கொள்கிறோம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

சுவரில் சர்டிபிகேட் மாட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் அதிகாரிகள் பார்த்து, கடை சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. அது அந்தக் கடை உணவு விற்கச் சட்டப்படி பெற்ற அனுமதி மட்டுமே. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. அதன் கீழான உரிம ஒழுங்குமுறைகள் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன. அவை தொடக்கத்தில் வகுத்த கணக்கின்படி ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் டீக்கடை, தள்ளுவண்டி, சிறு மெஸ் போன்றவற்றுக்குப் பதிவுச் சான்றிதழும், அதற்கு மேல் 20 கோடி வரை மாநில உரிமமும், அதையும் தாண்டினால் மத்திய உரிமமும் வேண்டியிருந்தது.

பதிவுச் சான்றிதழுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். அதை வழங்குவதற்கு முன் கடையை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே, மாட்டியிருக்கும் சான்றிதழ் கடைக்கு ஒரு முகவரியும் பொறுப்பாளி ஒருவரும் உண்டு என்பதை உறுதிப்படுத்துகிறது. அடுப்படியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

சர்டிபிகேட்டில் இருக்கும் அந்த 14 இலக்க எண்ணில் என்ன இருக்கிறது? போலி என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் எண் வழங்கப்பட்ட ஆண்டு. ஆகவே நம் பக்கத்துக் கடையின் எண் பொதுவாக 124 என்றோ 224 என்றோ தொடங்கும். பெரிய மேஜைகள், ஏசி அறை, நாள் முழுக்கக் கூட்டம் என்றிருக்கும் உணவகத்தின் எண் 2-இல் தொடங்கினால், விற்பனையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களோ என்று சந்தேகிக்க இடமுண்டு.

எண்ணை, உணவு உரிமங்களுக்கான மத்திய அரசின் ஃபோஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் இட்டால் பெயர், முகவரி, செல்லுபடி நிலை ஆகியவை தெரியும். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்பது விதி. பில்லில் இருக்கும் எண்ணும் சுவரில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நகராட்சி சுகாதார ஆய்வாளரும் புட் சேஃப்டி அதிகாரியும் ஒருவரேதானே?

வேறு வேறு. குப்பை, கழிவுநீர், தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக், தொழில் உரிமம் ஆகியவை உள்ளாட்சி அமைப்பின் பார்வையில் வருபவை. உணவின் தரம், சமையலறையின் நிலை, மாதிரி எடுத்தல் ஆகியவை உணவு பாதுகாப்பு அலுவலருடைய வேலை. அவருக்கு மேல் மாவட்ட அளவில் நியமன அலுவலர் இருக்கிறார். பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்டக் காலத்தில் இருந்த ‘புட் இன்ஸ்பெக்டர்’ என்ற பெயர் இன்னும் மக்கள் வாயில் நிற்கிறது, பதவி மாறிவிட்டது.

ஆய்வுக்கு வந்தால் என்னதான் பார்ப்பார்கள்? பாஸ், ஃபெயில் என்று உண்டா?

உண்டு. உணவகங்களுக்கென்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. மொத்தம் 114 மதிப்பெண். 100 அல்லது அதற்கு மேல் பெற்றால் முன்மாதிரி நிலை, 91 முதல் 99 வரை திருப்தி, 75 முதல் 90 வரை மேம்பட வேண்டிய நிலை. 75-க்குக் கீழே போனால் விதிகளுக்கு இணங்காத கடை. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றுண்டு. நட்சத்திரக் குறியிட்ட சில வினாக்கள் உணவின் பாதுகாப்பை நேரடியாகப் பாதிப்பவை; அவற்றில் தவறினால், மற்றவற்றில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பயனில்லை. டைல்ஸ் பளபளப்பதால் மட்டும் கடை தேறிவிடாது.

குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பதிவு, பச்சை இறைச்சியும் சமைத்த உணவும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றனவா, குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை, பணியாளர்களின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை, குடற்காய்ச்சல் வகை நோய்களுக்கான தடுப்பூசி, பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஆகியவை பட்டியலில் வருகின்றன. பயிற்சியைப் பொறுத்தவரை 25 பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது கணக்கு. நான் பார்த்தவரை சமையலறையைவிடப் பதிவேடுகளில்தான் நம் பகுதிக் கடைகள் அதிகம் சறுக்குகின்றன. மாஸ்டர் கையைச் சுத்தமாகத்தான் கழுவுகிறார். தண்ணீரைப் பரிசோதித்த தாளைக் கேட்டால் முதலாளி விழிக்கிறார்.

ஒரு ஹோட்டலின் ஆய்வு அறிக்கையை நான், ஒரு வாடிக்கையாளர், பார்க்க முடியுமா?

சில வெளிநாட்டு நகரங்களில் ஆய்வு மதிப்பெண்ணை வாசலிலேயே ஒட்ட வேண்டும். இங்கே அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. முந்தைய கேள்வியில் சொன்ன மதிப்பெண் துறையின் கணினிப் பதிவில் இருக்குமே தவிர, கடை வாசலுக்கு வருவதில்லை. இது ஒரு குறை என்பது என் கருத்து. மதிப்பெண் வாசலில் ஒட்டப்பட்டால், அபராதத்துக்கு அஞ்சாதவர்களும் பக்கத்துக் கடைக்காரரின் எண்ணைப் பார்த்து அஞ்சுவார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், 10 ரூபாய் கட்டணத்துடன் மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்துக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘கடையைப் பற்றிய எல்லா விவரமும்’ என்று கேட்காமல், கடையின் பெயர், 14 இலக்க எண், எந்தக் காலத்து ஆய்வு அறிக்கை, குறைகளைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பப்பட்ட மேம்பாட்டு அறிவிப்பின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். விசாரணைக்கு இடையூறாகும் என்று கருதப்படும் தகவலை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. கடைக்காரரின் ஆட்சேபத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

செயலியில் நாலரை நட்சத்திரம் இருக்கிறதே, அது போதாதா?

அது சாப்பிட்டவர்கள் சுவைக்கும் பொட்டலத்துக்கும் டெலிவரிக்கும் போட்ட நட்சத்திரம். தூய்மைத் தரமதிப்பீடு என்பது தனித் திட்டம். கடைக்காரர் தாமாக முன்வந்து, அங்கீகரிக்கப்பட்ட தணிக்கை நிறுவனத்தை அழைத்து, ஒன்று முதல் ஐந்து வரையிலான மதிப்பீட்டைப் பெறுவது. விருப்பத்தின் பேரில் பெறுவதால், மதிப்பீடு இல்லாத கடையை அழுக்கான கடை என்று முடிவு கட்டவும் கூடாது.

மதியம் செய்த பிரியாணியை ராத்திரி வரை அண்டாவிலேயே வைத்திருக்கிறார்கள். சூடு பண்ணித்தானே தருகிறார்கள், அதில் என்ன தப்பு?

தப்பு இரண்டு சூடுகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் இருக்கிறது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு வெப்பத்தைத் தாங்கக்கூடியது. மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும் இறைச்சிக் குழம்பிலும் சால்னாவிலும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற வேறொரு கிருமி இதே வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது.

எனவேதான் ஆய்வுப் பட்டியலில் வெப்பநிலைகள் எண்ணாகவே தரப்பட்டுள்ளன. சூடாகப் பரிமாறும் உணவு 65 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது. எடுத்து வைப்பதானால், 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அதிலிருந்து 5 டிகிரிக்கு அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும் ஆற்றிவிட வேண்டும். மறுபடி சூடாக்கும்போது உணவின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். தம் போட்ட பிரியாணி அண்டாவோடு இந்த வேகத்தில் ஆறவே ஆறாது. அகலமான தட்டுகளில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினால்தான் ஆறும்.

கடைக்காரர்கள் ‘கையை வைத்தாலே தெரியும்’ என்பார்கள். 50 டிகிரியும் கைக்குச் சுடும், 70 டிகிரியும் சுடும். கிருமிக்கு அந்த இருபது டிகிரிதான் வாழ்வும் சாவும். உணவு வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சிக்கன் 65-க்குப் போடும் கலர் பவுடர் பாக்கெட்டிலேயே உரிம எண் இருக்கிறது. பிறகு ஏன் அபராதம் போடுகிறார்கள்?

இந்தக் கேள்வியை என்னிடம் அதிகம் கேட்டவர்கள் சில்லி சிக்கன் கடைக்காரர்கள்; அவர்களது மனக்குறை புரிந்துகொள்ளக்கூடியதுதான். அந்த எண் நிறமியைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு உரியது. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகளையும் விதிகள் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இனிப்பு வகைகள் போன்ற சில உணவுகளில், குறிப்பிட்ட அளவுக்குள்தான் சேர்க்கலாம். பொரித்த கோழி, பிரியாணி, பஜ்ஜி ஆகியவை அந்த வரிசையில் வரவில்லை. நிறமி சட்டப்படியானது, அதைப் போட்ட இடம்தான் சட்டத்துக்குப் புறம்பானது. பஞ்சு மிட்டாயில் இருந்த ரோடமைன்-பி வேறு வகை: அது எந்த உணவிலும் அனுமதிக்கப்படாத துணிச் சாயம்; அதனால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அந்த மிட்டாயைத் தடை செய்தது. சிவப்பு வேண்டுமென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும்.

ஒகேனக்கல் மீன் வறுவல் எண்ணெய், பரோட்டா கடை எண்ணெய் இவற்றை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

விதி முறைகளை எண்ணுவதில்லை. எண்ணெயின் நிலையை அளக்கிறது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உருவாகும் துருவச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. அலுவலர்கள் கையடக்கக் கருவியை எண்ணெயில் தோய்த்தே அளந்துவிடுவார்கள். கருவி இல்லாத நமக்கு நுரை அடங்காமை, கருத்த நிறம், சீக்கிரமே எழும் புகை, கசந்த வாடை ஆகியவை போதுமான அடையாளங்கள். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும். கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பயோடீசல் தயாரிப்புக்காகச் சேகரிப்பவர்களிடம் தரலாம்.

பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் மடித்துத் தருவது?

கூடாது. உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் பேக்கேஜிங் விதிகள் தடை செய்கின்றன. சூடான எண்ணெய் அச்சு மையை இளக்கி எடுத்துக்கொள்ளும். வாழையிலை நம் ஊரில் தட்டுப்பாடான பொருளன்று.

நம் மாவட்டத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது. ஹோட்டலில் கொதிக்க வைத்துத் தந்தால் சரியாகிவிடுமா?

கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து, ஃபுளோரைடுக்கு மருந்தாகாது. நீர் ஆவியாகக் குறையும்போது ஃபுளோரைடு அப்படியே தங்குவதால், மிஞ்சும் நீரில் அதன் செறிவு சற்றே கூடத்தான் செய்யும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த அளவைத் தாண்டியதால்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று: மேஜையில் வைக்கும் டம்ளர் தண்ணீர் கேனிலிருந்து வந்தாலும், சாம்பாரும் சோறும் கடையின் போர்வெல் நீரில் வேகலாம். பரிசோதனை அறிக்கை வேண்டியது அந்த நீருக்குத்தான். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று பட்டியல் சொல்கிறது. அறிக்கையில் கிருமி எண்ணிக்கையோடு ஃபுளோரைடும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் மிச்சமாகும் என்று சிலர் கிருமியை மட்டும் பரிசோதித்து நிறுத்திவிடுகிறார்கள். ஃபுளோரைடு ஒருநாளில் ஆளைச் சாய்ப்பதில்லை. அந்தக் கடையில் தினமும் சாப்பிடுகிறவர்களின் பல்லிலும் எலும்பிலும் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது.

ஷவர்மா, மயோனைஸ் மீது மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் உணவகம் ஒன்றில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். அதன் பின்னரே மாநிலம் முழுக்கச் சோதனை தீவிரமானது. கம்பியில் சுழலும் இறைச்சியின் வெளிப்புறம் வெந்து, உட்புறம் வேகாமலே வெட்டப்படும் அபாயம் இருக்கிறது. மயோனைஸைப் பச்சை முட்டையில் அடிப்பதால், சால்மொனெல்லா போன்ற கிருமிகளைக் கொல்லும் சூடு அதற்குக் கிடைப்பதே இல்லை. அதனால் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது.

ஜூஸ் கடைகளும் மாம்பழ மண்டிகளும் இந்தச் சட்டத்தில் வருமா?

வரும். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடைசெய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகள் கலந்திருக்கக்கூடும். எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்தலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் பருவத்தில் எல்லாப் பழத்தையும் கார்பைடு பழம் என்று ஒதுக்குவது விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

மாதிரி எடுத்துச் சென்றார்கள். முடிவு என்ன ஆனது என்றே தெரியவில்லை. அமுக்கிவிட்டார்களா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்ல வேண்டாம். எடுத்த மாதிரிக்கு வழக்கமான விற்பனை விலையை அலுவலர் தர வேண்டும். மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிட்டு, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார்; சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவை ஏற்காத கடைக்காரர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்தால், இன்னொரு பங்கு மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும்.

மாதிரி தவறினாலும் எல்லாத் தவறும் ஒன்றல்ல. ‘தரம் குறைந்தது’, ‘தப்புக்குறியீடு’ (லேபிளில் தவறு) ஆகியவை அபராதத்தோடு முடிபவை. முன்னதற்கு 5 லட்சம் வரை, பின்னதற்கு 3 லட்சம் வரை. தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர் இவற்றை விசாரிக்கிறார். ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால்தான் குற்ற வழக்காக நீதிமன்றத்துக்குப் போகும். செய்தியில் மூன்றையும் ‘கலப்படம்’ என்றே எழுதிவிடுவதால், லேபிளில் தேதி விடுபட்டவரும் விஷம் விற்றவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

கரப்பான் பூச்சி ஓடுவதை அதிகாரியே பார்த்தார். அன்றைக்கே ஏன் மூடவில்லை?

பெரும்பாலான குறைகளுக்குச் சட்டம் சொல்லும் முதல் படி மேம்பாட்டு அறிவிப்பு. குறை, அதைச் சரிசெய்யும் வழி, காலக்கெடு ஆகியவற்றை எழுதி நியமன அலுவலர் தருவார். கெடு 14 நாட்களுக்குக் குறையக் கூடாது. அதற்குள் சரிசெய்யாவிட்டால் உரிமம் இடைநிறுத்தப்படும், பிறகு ரத்தாகும். சுகாதாரமற்ற முறையில் தயாரித்ததற்கு ஒரு லட்சம் வரை அபராதம் தனியாக உண்டு. உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசரத் தடை அறிவிப்பு தரலாம். அதற்கான உத்தரவு உணவு பாதுகாப்பு ஆணையரிடமிருந்து வர வேண்டும்.

ராத்திரி சாப்பிட்டேன், காலையில் வயிற்றுப்போக்கு. அந்த ஹோட்டல்தானே காரணம்?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிரியாணிக் கேள்வியில் சொன்ன சோற்று நச்சும், கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சும் சில மணி நேரத்திலேயே வாந்தியைக் கொண்டுவரும். பெர்ஃப்ரிஞ்சன்ஸ் வேலையைக் காட்ட 6 முதல் 24 மணி நேரம் ஆகும். சால்மொனெல்லா 6 மணி நேரத்திலும் காட்டலாம், சில நாள் கழித்தும் காட்டலாம். அதனால் கடைசியாகச் சாப்பிட்ட கடையை மட்டும் குற்றவாளியாக்காமல், முந்தைய மூன்று நாள் சாப்பாட்டையும் எழுதி வைத்து, உடன் சாப்பிட்டவர்களில் யாருக்கு என்ன வந்தது என்று விசாரியுங்கள். ஒரே உணவைச் சாப்பிட்ட பலருக்கு ஒரே நேரத்தில் வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சென்னை போகும் பஸ் கிருஷ்ணகிரி பக்கம் மோட்டலில் நின்றது. சாப்பிட்டு ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் உடம்பு சரியில்லாமல் போனது. எங்கே புகார் செய்வது?

உணவு பாதுகாப்புத் துறைக்கான புகார், கடை இருக்கும் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். மாநிலத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்பினால் உரிய மாவட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். பில், அதிலுள்ள 14 இலக்க எண், நேரம், மருத்துவரின் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பில் வாங்காமல் பஸ் ஹாரனுக்கு ஓடியவர்கள், பணம் செலுத்திய யுபிஐ பதிவைத் தேடி எடுக்கலாம்.

இழப்பீடு வேண்டுமென்றால் வழி வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கிருஷ்ணகிரிக்குத் திரும்ப வர வேண்டியதில்லை.

நானே உணவைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா?

முடியும்; சட்டத்தின் 40-ஆம் பிரிவு வாங்குபவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. வாங்கும்போதே, பகுப்பாய்வுக்கு அனுப்பப்போகிறேன் என்று கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டணம் உங்களுடையது; உணவு தவறானது என்று அறிக்கை வந்தால் திரும்பக் கிடைக்கும். பாதி தின்று, வீட்டில் ஒரு இரவு வைத்திருந்து எடுத்துச் செல்லும் பொட்டலம் சான்றாக நிற்காது.

அதிகாரி வந்து கோழிக்கறியைக் கொட்டி பினாயில் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அப்படிச் செய்ய அதிகாரம் உண்டா?

கெட்டுப்போய் உண்ணத் தகாததாகிவிட்ட உணவை, எழுத்து மூலம் அறிவிப்புத் தந்துவிட்டு அழிக்கலாம். ஆகவே கேட்க வேண்டியது அந்தத் தாளை. காரணமின்றித் துன்புறுத்தும் நோக்கில் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்க 39-ஆம் பிரிவில் இடமுண்டு. கடைக்காரர் சொன்ன புகார் பொய் என்றானால் அவருக்குக் குறைந்தது 50,000 ரூபாய் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் ஹோட்டலை விலைக்கு வாங்கினேன். பழைய உரிமத்திலேயே நடத்தலாமா? பழைய முதலாளியின் நோட்டீஸ் என் தலையில் விழுமா?

உரிமம் கடையோடு கைமாறாது. உரிமையாளர் இறந்தால் வாரிசுக்கு மாற்ற வழியுண்டு. விற்பனையில் புதியவர் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். பழையவர் காலத்தில் எடுத்த மாதிரிக்கான வழக்கு, அப்போது உரிமம் யார் பெயரில் இருந்ததோ அவருடையது. கட்டடத்தின் குறைகள் அப்படியில்லை: உடைந்த சாக்கடை மூடியும் எலி வளையும் உங்கள் ஆய்விலும் குறையாகவே எழுதப்படும். ஆகவே முன்பணம் தரும் முன்பே, கடைசி ஆய்வு அறிக்கையையும் நிலுவையிலுள்ள மேம்பாட்டு அறிவிப்பையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால், மேலே சொன்ன தகவல் உரிமை விண்ணப்பத்தின் பதில் வரும் வரை கிரயத்தைத் தள்ளிப்போடலாம்.